பூனை படுத்த அடுப்பு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து நம் மலை ரோடு மாதிரி ஏறும், இறங்கும், திடீரென்று வளையும். பிழை இருந்தால் நீங்களே சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து நம் லயத்துப் பிள்ளைகள் குழுவில் போடுவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். குழுவில் நான் வாய் திறக்காதவன் என்று உங்களுக்கே தெரியும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் பீர்மேட்டுக்குப் போய், நாம் இருந்த லயத்தை, அந்தத் தேயிலை எஸ்டேட்டு வரிசை வீடுகளைப் படம் எடுத்துப் போட்டீர்கள். கூரைத் தகரம் இல்லை. சுவரில் பாசி. எங்கள் வீட்டுக்குள் ஒரு மரமே நிற்கிறது. எல்லாரும் வருத்தப்பட்டு எழுதினீர்கள். நான் மட்டும் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மூலையில் இருந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் செடி முளைத்திருந்தது. எங்கள் பூனை படுத்த இடம் அது. அந்தப் பூனையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது, முகம் அகலமான கடுவன். லயத்தில் எல்லாரும் அதைக் கங்காணி என்று கூப்பிடுவோம். காலையில் பெண்கள் கொழுந்து எடுக்கக் கிளம்பும் நேரத்தில் அது ஒவ்வொரு வாசலாக நின்று நின்று, யார் கிளம்பிவிட்டார்கள், யார் இன்னும் கிளம்பவில்லை என்று பார்ப்பதுபோல நடக்கும். நிஜக் கங்காணிக்கு இந்தப் பெயர் தெரிந்தும் தெரியாதவர் மாதிரி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா தவழும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாளாம்.

மலைக் குளிருக்கு அது கண்டுபிடித்த இடம் அடுப்பு. ராத்திரிச் சமையல் முடிந்து தணல் அவிந்ததும், வெதுவெதுப்பான சாம்பலுக்குள் புகுந்து சுருண்டுகொள்ளும். உங்கள் வீட்டுப் பூனைகளும் அப்படித்தானே. அதனால் நம் அம்மாக்கள் யாரும் காலையில் அடுப்பைத் தட்டாமல் தீ வைத்ததில்லை. ஊதுகுழலால் அடுப்புக் கல்லில் டக், டக் என்று இரண்டு தட்டு. சாம்பலைச் சிலுப்பிக்கொண்டு பூனை வெளியே வரும். அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி. கம்பளிக்குள் கிடந்தபடி அந்தச் சத்தம் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆலைச் சங்கு ஊதுவது அதற்கப்புறம்தான்.

எங்கள் வீட்டு ஊதுகுழல் இரும்பு. ஆலையில் கழித்துப் போட்ட குழாயில் ஒரு முழம் அறுத்து அப்பா கொண்டுவந்தது. அம்மாவின் வாய் பட்டுப் பட்டு ஒரு முனை மட்டும் வெள்ளிபோலப் பளபளக்கும். கனமாக இருக்கும். அதனால் எங்கள் வீட்டுத் தட்டு மற்ற வீட்டுத் தட்டைவிட உரக்கக் கேட்கும்.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் ஊர் மாறினோம். அப்பாவுக்கு ஆலையில் தேயிலை காயவைக்கும் அறையில் வேலை. வருடக்கணக்கில் தூசி தின்று நெஞ்சு கெட்டுவிட்டது. குளிர் காலம் வந்தால் மூச்சு இழுக்கும். மலைக் குளிர் இனி ஆகாது, கீழே போய்விடுங்கள் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். தேங்காய் லாரிக்காரர் ஒருவர் மூலம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் வேலை கிடைத்தது. தோப்புக்குள்ளேயே இருக்க ஒரு வீடும் கொடுத்தார்கள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா தன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா எழுதிக் கொடுக்காமல் லீவு மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவின் வேலை இருக்கும்வரை லயத்து வீடும் இருக்கும்.

சாமான் ஏற்ற அம்மாவின் தம்பி ஜீப் கொண்டுவந்தார். கடைசியாகப் பூனை. அது சாக்குக்குள் போகாமல் நான்கு காலையும் விரித்துக்கொண்டு மாமாவின் கையெல்லாம் கீறிவிட்டது. ஒருவழியாக உள்ளே தள்ளி வாயைக் கட்டினார். கட்டியவர் சாக்கைத் தூக்கி, தன்னைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினார்.

அம்மா அலறினாள். "எலே! என்னலே பண்ணுத?"

"சுத்துதேன்."

"வேண்டாத பூனையக் கொண்டுபோய் விடுறதுக்குல்லாலே சுத்துவாவ! இது நம்ம கூட வாற பூனைலே!"

மாமா சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். நம் ஊரில் சாக்கில் பூனை என்றாலே மூன்று சுற்று சுற்றுவது வழக்கம். திசை மறந்துவிடும், திரும்பி வராது. அவர் கை பழக்கத்தில் செய்துவிட்டது. லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

அப்பாதான் யோசனை சொன்னார். "மாப்ள, இந்தப் பக்கமாச் சுத்துனேல்ல. இப்ப அந்தப் பக்கமா மூணு சுத்து சுத்து. சரியாப் போயிரும்."

மாமா மறுபக்கமாகச் சுற்றினார். பாதியில் ஜீப்பின் கதவில் இடித்துக்கொண்டார். இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்பதில் அன்று முழுவதும் தகராறு. உள்ளே பூனை மூச்சுக் காட்டவில்லை.

குமுளி இறங்கி, கம்பம், திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று பெரிய சுற்று. மலை இறங்கும்போது எனக்கும் அக்காவுக்கும் காது அடைத்துக்கொண்டது. வாயைப் பிளந்து பிளந்து மூடினோம். "பூனைக்கும் காது அடச்சிருக்கும். அதுக்கு வாயப் பிளக்கச் சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா. கம்பம் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தேன். அந்த ஸ்வெட்டர் அதற்கப்புறம் என்ன ஆனது என்று தெரியவில்லை. பெருமாட்டியில் அதற்கு வேலையே இல்லை.

இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாமா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "எக்கா, உன் லீவு முடியுறதுக்குள்ள வாறேன். பிடிக்கலன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஏறி வந்துரு. அத்தானுக்குத் துணைக்குப் பய இருக்கட்டும்."

பிள்ளை என்றது அக்காவை. பய நான். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புத்தான். ஜீப் திரும்ப வரும்போது அம்மா ஏறுவாளா, மாட்டாளா.

ஜீப் போன மறுநாள் தோட்டத்துக்கார அம்மா எங்களைப் பார்க்க வந்தார். தோப்பு அவர்கள் குடும்பத்துடையது. தென்னைகளுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பெரிய வீடு தெரியும். வெற்றிலை போட்ட வாய், சத்தமான சிரிப்பு.

"ஏனுங்க அம்மிணி, அடுப்புப் போட்டாச்சுங்களா?"

"இல்லம்மா. கல்லு வச்சிருக்கேன்."

"கல்லு வெச்சா காத்துக்கு நிக்குமுங்களா? இங்க இனி காத்துக் காலமாச்சுங்களே. களிமண்ணு கொண்டாந்து போடச் சொல்லட்டுங்களா?"

"இருக்கட்டும்மா. பாத்துக்கிடுவேன்."

அவர் போனதும் அப்பா சொன்னார், "மண்ணு குடுக்கேங்காவ. ஒரு அடுப்பப் போட்டா என்ன?"

"போகப் போற இடத்துக்கு எதுக்கு அடுப்பு?" என்றாள் அம்மா.

அப்பா தோப்பைச் சுற்றப் போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னை ஓலைச் சாய்ப்பின் கீழே மூன்று கல். அதில்தான் சோறு, குழம்பு, பால் விடாத கட்டஞ்சாயா எல்லாம். தோட்டத்துக்கார அம்மா சொன்ன காற்றும் சீக்கிரமே வந்துவிட்டது. மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைத் தேடிக்கொண்டு ஓடுகிற காற்று. பகலெல்லாம் தென்னைகள் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து இரையும். எங்கோ ஒரு மட்டை விழும். அந்தச் சத்தத்துக்கு அக்கா ஒவ்வொரு முறையும் துள்ளுவாள். கல் அடுப்பில் தீ ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். சமையல் முடிந்த கொஞ்ச நேரத்தில் சாம்பல் முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று கல்லும் வெறுந்தரையும்தான் மிச்சம். பூனை வந்து கல்லை முகர்ந்து பார்க்கும். உட்காரும். எழுந்து போய்விடும்.

அது சரியாகச் சாப்பிடவில்லை. நத்தோலிக் கருவாட்டை நக்கிவிட்டு விட்டுவிடும். நடந்து போகும்போது தள்ளாடும், வாசற்படியில் இடித்துக்கொள்ளும். கங்காணி, கங்காணி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. பெரும்பாலும் வாசலில், வண்டி வந்த தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

ஏன் இப்படி என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மாமா மறுபக்கம் இரண்டு சுற்றுத்தான் சுற்றினார், ஒரு சுற்று பாக்கி நிற்கிறது, அதனால்தான் தள்ளாடுகிறது என்பது அப்பாவின் கட்சி. அப்பா ஒருநாள் யாரும் இல்லாதபோது அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று சுற்றியதை நான் பார்த்தேன். சுற்றி முடித்து, மூச்சு வாங்கியதால் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மலை இறங்கும்போது அடைத்த காது இன்னும் திறக்கவில்லை என்பாள் அக்கா. அதன் முன்னால் போய் வாயைப் பிளந்து பிளந்து காட்டுவாள். அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான்.

"பூனைக்கே இந்த ஊரு பிடிக்கல."

இதைச் சொல்லும்போது அப்பாவைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். பூனை சாப்பிட்டால் அம்மாவுக்கு இந்த ஊர் பிடித்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. வாய்க்காலில் துண்டு விரித்துப் பொடிமீன் பிடித்துவந்து வைத்தேன். கொட்டாங்கச்சியில் பால் வைத்தேன். புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வந்து பூனையிடம்தான் பேசுவேன். அங்கே பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஏனுங்க லே" என்று கூப்பிடுவார்கள். எனக்கு வாய் அடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஒரு கூத்து. ஒருநாள் தோட்டத்துக்கார அம்மா தேங்காய் பொறுக்க வந்தபோது பூனையைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது ராத்திரிக்கு எங்க படுக்குது?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பேச வராது. வந்த அளவுக்குச் சொன்னேன், "எங்க வீட்டுல பூனை அடுப்புலதான் படுக்கும்."

அவர் முகம் மாறிப்போனது. சாயங்காலமே ஒரு ஆள் அரை மூட்டை அரிசியும் பருப்பும் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. கொழந்தைங்க பட்டினி கெடக்கறாங்கன்னு தெரியலீன்னு ஒரே வருத்தமுங்க."

கீழ்நாட்டில் வீட்டு அடுப்பில் பூனை படுத்திருக்கிறது என்றால் சமைக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மலையில் அது வெறும் பூனை. அம்மா என் காதைத் திருகினாள். அரிசியைத் திருப்பி அனுப்பினாள். "நாங்க பிச்சக்காரங்க இல்லன்னு சொல்லிருங்க" என்றும் சொல்லி அனுப்பியிருப்பாள், அப்பா வாயைப் பொத்தியதால் நின்றாள். அதற்குப் பிறகு வெட்கமும் ரோஷமுமாக அம்மா அந்தப் பெரிய வீட்டுப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. கிணற்றுக்குக்கூட அவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் போவாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. மாதா கோயில் தூரம். அக்காவும் நானும் தென்னம்பாளையில் குடில் கட்டினோம். காற்று அதையும் கொண்டுபோனது. பொங்கலும் போனது. அம்மா சேலைகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். அக்காவின் பாவாடைகளும் அதில் இருந்தன. என் சட்டை இல்லை.

மாமா ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தார். சேறு காய்ந்த ஜீப். பீர்மேட்டு வாசனை அதில் அப்படியே இருந்தது. சீட்டில் மூக்கை வைத்து முகர்ந்தேன். விடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. அன்று சாப்பாட்டின்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமா மட்டும் எஸ்டேட் கதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், தனியாக.

விடிந்து பார்த்தால் பூனை இல்லை.

வீட்டுக்குள், சாய்ப்பில், விறகுக் குவியலில், கிணற்றுமேட்டில், எங்கும் இல்லை. இரண்டு மூன்று நாளாகவே ராத்திரியில் அதைக் காணோம் என்பதும், காலையில் எப்படியோ வாசலுக்கு வந்துவிடுகிறது என்பதும் அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"அது மலைக்குப் போயிட்டு" என்றார் மாமா. "பூனைக்கு வீடுதான், மனுசன் இல்ல. நடந்தே போயிருக்கும்."

"நீ சுத்துன சுத்துக்கு அது மெட்ராசுக்குல்ல போயிருக்கும்" என்றார் அப்பா.

"அத்தான், மூணு சுத்தும் சுத்தித்தான் கொடுத்தேன்!"

"சண்டைய விடுங்க" என்றாள் அம்மா. கையில் பை இருந்தது. "பூனை இல்லாம நான் வண்டில ஏற மாட்டேன். ரெண்டுபேரும் போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் தேடப் போனார்கள். அக்கா வாய்க்கால் பக்கம் போனாள். நான் அம்மா பக்கத்திலேயே நின்றேன். பூனை கிடைத்தால் அம்மா போய்விடுவாள். கிடைக்காவிட்டால் பூனை போய்விடும். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, தேடப் போனவர்களுக்குச் சாயா போடலாம் என்று கல் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். சுள்ளி அடுக்கினாள். ஊதுகுழலை எடுத்தாள். பழக்கத்தில் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். டக், டக். வெறும் கல். சாம்பல்கூட இல்லை.

தட்டிய கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கித் தென்னைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பெரிய வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. அண்டா வைத்த பெரிய கல் அடுப்பு. தேங்காய் உரிமட்டையும் தென்னை மட்டையும் போட்டு எரிப்பார்கள். ராத்திரி முழுவதும் அதில் சூடு இருக்கும்.

"மாதாவே" என்று ஒரு சொல்தான். ஊதுகுழலோடு எழுந்து ஓடினாள். கொழுந்துக் காட்டில் ஏறி இறங்கின கால். நான் பின்னால் ஓடினேன். பிடிக்க முடியவில்லை.

கொல்லையில் தோட்டத்துக்கார அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தார். கையில் காய்ந்த தென்னம் பன்னாடை, அதன் நுனியில் தீ. அடுப்புக்குள் நுழைக்கக் குனிந்துகொண்டிருந்தார்.

"நில்லுங்க! நில்லுங்கம்மா! வைக்காதிய!"

அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்துக்கார அம்மா பன்னாடையைப் பிடித்தபடி திகைத்து நின்றார். அம்மா அவரைத் தள்ளாத குறையாக அடுப்பின் முன் உட்கார்ந்து, கல்லில் தட்டினாள். டக், டக்.

ஒன்றும் அசையவில்லை.

மறுபடி தட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, இது எங்கூட்டு அடுப்புங்க. தட்டித் தொறக்க அது கதவுங்களா?"

அம்மா உள்கல்லில், சாம்பலை ஒட்டி, கையை நீட்டித் தட்டினாள். அந்தக் கனத்த இரும்புக் குழாயால், லயம் முழுவதும் கேட்கும் எங்கள் வீட்டுத் தட்டு. சாம்பல் மேடு ஒரு பக்கம் சரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை, கிழிந்த காது, பிறகு மெல்ல மெல்ல முழு உடம்பும் வந்தது. மீசை வரை சாம்பல். வெளியே வந்து நின்று ஒரு தும்மல் போட்டது. பிறகு எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது, யார் வேலைக்குக் கிளம்பவில்லை என்று பார்ப்பதுபோல.

தோட்டத்துக்கார அம்மா பன்னாடையைத் தரையில் போட்டு மிதித்தார். "முருகா! மூணு நாளா சாம்ப கலைஞ்சு கெடந்துச்சு, பெருச்சாளின்னுல்ல நெனச்சேன்! பத்த வெச்சிருந்தா என்னாயிருக்கும்! வாயில்லாத சீவனுங்களே!" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பூனையை மடியில் வைத்துச் சாம்பலைத் துடைத்தாள். சேலை முழுவதும் சாம்பல். தோட்டத்துக்கார அம்மா கையை நீட்டி, அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பா இருக்குதுங்களே. எத்தன வயசுங்க?"

"என் மூத்த பிள்ளைக்கும் மூத்தது."

"வயசாச்சுங்க. காது கேக்காது, பாவம். கண்ணும் பூத்திருக்குது பாருங்க. வயசான ஒடம்பு, சூடு தேடி வந்திருக்குது. உங்க ஊட்டுல அடுப்பு இல்லீங்களா?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டார். அம்மா தலை குனிந்தபடி, "இல்லம்மா. போடல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை. தோட்டத்துக்கார அம்மா, "அதுக்கென்னுங்க, அதுக்கென்னுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் மெல்ல ஏதோ பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் பூனையோடு திரும்பி வந்தபோது ஜீப்பும் வந்தது. அப்பா இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார். ரோடெல்லாம் இறங்கி இறங்கிக் கூப்பிட்டிருக்கிறார். பூனையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், இருமல் விடவில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நின்றவரை, அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல.

"எக்கா, கிடைச்சிட்டுல்ல. ஏறு. வெயிலுக்கு முன்ன கிளம்பணும்" என்றார் மாமா.

அம்மா பூனையை அப்பா கையில் கொடுத்தாள். ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

"எலே, இதுல எவ்வளவு மண்ணு கொள்ளும்?"

"என்ன மண்ணு?"

"களிமண்ணு. குளத்துல கிடக்காம். அந்த அம்மா ஆளு தாறேன்னிருக்காவ."

மாமா வாயைத் திறந்து மூடினார், மலை இறங்கும்போது நாங்கள் செய்ததுபோல. "எக்கா, நான் உன்னைய ஏத்திட்டுப் போவ வந்தேனா, மண்ணு ஏத்த வந்தேனா?"

"மண்ணு ஏத்தத்தான் வந்த. எடு வண்டிய."

நான் ஓடிப்போய் முதல் ஆளாக ஏறிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள், காற்றுப் படாத மூலையில், அம்மா அடுப்புப் போட்டாள். மண்ணை நாங்கள் மிதித்தோம். உமியும் சாணியும் தோட்டத்துக்கார அம்மா கொடுத்தார். கீழ்நாட்டு அடுப்பு சின்ன வாய். அம்மா போட்டது லயத்து அடுப்பு, அகல வாய். "இதுக்குள்ள ஆளே படுக்கலாமுங்களே" என்றார் தோட்டத்துக்கார அம்மா. "படுக்கத்தான்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மாமா மறுநாள் தனியாகத் திரும்பினார், அம்மா வேலையை எழுதிக் கொடுத்த தாளோடு.

கங்காணி அடுத்த மழைக்காலம்வரை இருந்தது. கூப்பிட்டால் கேட்காது. கல்லில் தட்டினால் மட்டும் அதன் உடம்புக்குத் தெரியும். லயத்திலேயே எத்தனை வருடம் அப்படி இருந்ததோ, நாங்கள் கவனிக்கவில்லை. பின்னால் கிழங்கு மாதிரி அடுப்பு ஓரத்திலேயே கிடந்தது. அம்மா மீனை முள்ளெடுத்து விரலால் ஊட்டினாள். ஒரு காலையில் தட்டியும் வரவில்லை. தென்னை ஒன்றின் அடியில் அப்பா குழி வெட்டினார். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து.

இப்போது எனக்கு அன்றைய அப்பாவைவிட வயது அதிகம். நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. சுற்று, காது அடைப்பு, ஊர் பிடிக்காதது என்று எல்லாம் சொன்னோம். வயதாகிவிட்டது என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அது பூனையோடு நிற்காது. அப்பா இனி மலை ஏற மாட்டார் என்று ஆகிவிடும். அம்மா அடுப்புப் போடாமல் இருந்ததை அந்தக் காலத்தில் வீம்பு என்று நினைத்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அவள் பயந்திருக்கிறாள். அப்பா அதற்கப்புறம் பல காலம் இருந்தார். பிறகு அம்மாவும் போனாள். வீடு மாற்றியபோது அந்த இரும்பு ஊதுகுழல் எங்கேயோ போய்விட்டது. என் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நீங்கள் அந்தப் படம் போட்ட சில நாளில் பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தேன். தோப்பில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் வேலை. தோட்டத்துக்கார அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. கொல்லையில் அதே வெந்நீர் அடுப்பு. அவர் மருமகள் தண்ணீர் காயவைக்க வந்தார். ஒரு தென்னை மட்டைத் துண்டை எடுத்து, உள்கல்லில் டக், டக் என்று தட்டினார். சற்று நின்றார். பிறகுதான் தீ வைத்தார்.

என்னையறியாமல் கேட்டுவிட்டேன், "எதுக்குங்க தட்டறீங்க?"

"தெரியலீங்க. எங்க அத்தை தட்டாம தீ வெக்க மாட்டாங்க. நான் வந்ததுல இருந்து பாக்கறேன், அவங்க தட்டுவாங்க. எனக்கும் அப்படியே பழகிப்போச்சு. எங்கூட்டுல பூனைகூட இல்லீங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சொல்லத் தெரிந்தது. வாய்வரை வந்தது. அவர் முன்னால் நின்று இவ்வளவையும் பேச வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விட்டேன். வழியெல்லாம் காதில் அந்தச் சத்தம். நம் லயத்தில் இப்போது கேட்காத சத்தம், பெருமாட்டியில் பூனை இல்லாத ஒரு வீட்டில் தினமும் காலையில் கேட்கிறது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். கம்பளிக்குள் கிடந்து அதைக் கேட்டவர்கள் நீங்கள்.

இன்று காலையில் அப்பா, அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். காற்று இன்னும் தொடங்கவில்லை, அதனால் அணையாமல் எரிந்தது. எழுதி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.